குடக் கணக்கு

ராத்திரி ரெண்டு மணிக்கு வரும் திரீபேஸ் கரண்டு.
மோட்டார் கொட்டகையில் மூன்று விளக்கும் எரிந்தால்
எழுந்திரு என்று அர்த்தம்.
கொண்டையை முடிந்துகொண்டு போகிறேன்,
டார்ச்சை முதலில் காலுக்கு அடித்து
பிறகு வழிக்கு அடித்து.

சித்திரை பிறந்ததிலிருந்து
போர் முதலில் காற்றைத்தான் துப்புகிறது.
இருமுகிறது, செருமுகிறது.
அப்புறம் செம்மண் கலந்து ஒரு கை,
அப்புறம் அரை மணி நேரம் நல்ல தண்ணீர்,
மறுபடி காற்று.
தொட்டிக்குள் குச்சியை விட்டுப் பார்க்கிறேன்.
நேற்று நாலு விரல் கூட இருந்தது.

உச்சிமாகாளி இருந்தால் மோட்டாரைத் திட்டுவார்.
அவர் பணகுடிப் பக்கம்
காற்றாலைக்கு வாட்ச்மேன்.
காற்றே இல்லாத மாசத்தில்
அசையாத இறக்கைகளுக்குக் காவல்.
"அதை யாரு தூக்கிட்டுப் போகப் போறா?" என்றேன் போனில்.
"உள்ள செம்பு இருக்குல்லா."
கொஞ்சம் கழித்து,
"கிடாவுக்குத் தண்ணி வச்சியா?"

வச்சேன்.
எருமைக்கு நாலு குடம். அது குடிக்கக் கேட்பதில்லை,
குளிக்கக் கேட்கிறது.
குளத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன்:
வெடித்த களிமண்ணை மோந்துபார்த்துவிட்டு
என்னைப் பார்த்தது, நான் குடித்துவிட்ட மாதிரி.
வெள்ளாடு ஏழு, செம்மறி ரெண்டு, அதற்கு மூன்று குடம்.
செங்கன்னி மட்டும் வாயை வைத்து ஊதிவிட்டு நிற்பாள்;
கழனித் தண்ணிதான் வேண்டும்,
அதிலும் உப்புப் போட்டிருக்க வேண்டும்.
சுபிக்ஷா அரை வாளியில் குளிப்பாள்.
அந்தத் தண்ணீர் முருங்கைக்கு.
நாய்க்குக் கணக்கு இல்லை. டிரம் ஒழுகுகிற இடத்தில்
குழி பறித்துப் படுத்திருக்கிறது;
அதன் பேர் மேனேஜர்.

கழுத்தறுத்தான் கோழி
பதினோரு முட்டையில் அடைகிடக்கிறது.
"அக்னி நட்சத்திரத்துல வைக்காதட்டி,
அம்புட்டும் கூமுட்டையாப் போகும்"
என்கிறாள் கீழவிளைப் பொன்னுக்கிளி.
நானா வைத்தேன்?
படப்புக்குள் தானே இட்டது, தானே உட்கார்ந்தது.
கையை நீட்டினால் கொத்துகிறது.

நேற்று உச்சியில்
உடைமரத்து நிழல் தன் காலுக்குள்ளேயே சுருங்கியிருந்தது.
செம்மறி ரெண்டும்
ஒன்றின் வயிற்றடியில் ஒன்று தலையை நுழைத்து நின்றன.
மேனேஜர் எழுந்தது. குரைக்கவில்லை.
அதுதான் என்னை வெளியே வர வைத்தது.

கோழிக்கு வைத்த டயர்த் தட்டின் ஓரத்தில்
ஒரு நல்ல பாம்பு.
படம் எடுக்கவில்லை.
விளிம்பில் வாயை வைத்து
தொண்டை மட்டும் மெல்ல ஏறி இறங்க
குடித்துக்கொண்டிருந்தது.
சுற்றிலும் கோழிகள்,
இறக்கையை விரித்து, அலகைத் திறந்து,
ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி
தள்ளி நின்று காத்திருந்தன.

கம்பு கைக்கெட்டுகிற தூரம்தான்.
அடிக்கவும் தோன்றவில்லை,
கும்பிடவும் தோன்றவில்லை.
எவ்வளவு குடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.
அரை டம்ளர் இருக்கும்.

அது பனைமட்டை வேலிக்குள் நுழைந்து போனபின்
ஓடிப்போய்ப் படப்புக்குள் கைவிட்டு எண்ணினேன்.
பதினொன்று. இரண்டு கொத்து வாங்கினேன்.

அவரிடம் சொல்லவில்லை.
சொன்னால் லீவு போட்டு வருவார்,
ஒருநாள் சம்பளம் போகும்.
வேலிக்கு அந்தப் பக்கம்,
உடைந்த பானையின் அடிப்பாகத்தை மண்ணில் பதித்து
தண்ணீர் ஊற்றினேன்.
"யாருக்கும்மா அது?"
"இருக்காக ஒரு ஆளு. அங்கன போகாத."

ராத்திரி போனில்,
"றெக்கை சுத்துதா?"
"ஒண்ணு மட்டும். சுத்துச்சுன்னும் சொல்ல முடியாது."

காலையில் பானையடி காய்ந்து கிடந்தது.
அது குடித்ததோ, வெயில் குடித்ததோ.
தொட்டியில் குச்சியை விட்டேன்.
ஒரு விரல் குறைச்சல்.
அரை டம்ளர் மொண்டுகொண்டு
வேலிக்குப் போனேன்.